கன்னியம்மா துடைத்த வரிசை

நேற்று நாற்றுப் பண்ணைக்கு வந்த நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பாதியில் கிளம்பிப் போனது உங்களில் சிலருக்கு வருத்தமாக இருந்திருக்கும். கிழவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று பேசிக்கொண்டிருப்பீர்கள். பேசுங்கள், வேலையில் இருந்த காலத்திலேயே எனக்கு அந்தப் பேர் உண்டு.

யாரோ பெரிய மனிதர் பார்வையிட வருகிறார் என்று வாசலில் இருந்த கற்றாழைத் தொட்டிகளை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். மடலெல்லாம் பளபளவென்று இருந்தது. அதிலும் ஒரு தொட்டி கண்ணாடிபோல மின்னியது. இதைத் துடைத்தது யார் என்று கேட்டேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண் கையைத் தூக்கினாள். பாராட்டப் போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அதற்கான காரணத்தை நேரில் சொல்ல உட்கார்ந்தால் மறுபடியும் பாதியில் எழுந்து போய்விடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கோலார் தங்கவயலில் சுரங்கக் கம்பெனியின் தோட்ட வேலைக்கு நான் சின்ன மேஸ்திரியாக இருந்த காலம் அது. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் இன்னும் குழாயில் வரத் தொடங்கவில்லை. மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவருவார்கள். வண்டி வரும் சத்தம் கேட்டால் கூலி லைனில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கும் அத்தனை பேரும் குடத்தோடு ஓடுவார்கள். மண்டை உடைந்ததும் உண்டு. மழை பொய்த்துப்போன கோடை வேறு.

எங்கள் காம்பில், அதாவது சுரங்க முகாமில், கல்லை இடிக்கிற மில் இரவு பகலாக ஓடும். சயனைட் போட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத் தூளைக் கொண்டுபோய் மலைபோலக் குவித்தார்கள். அதை சயனைட் மேடு என்போம். காற்று அடித்தால் அந்த மேடு அப்படியே கிளம்பி லைன் மேல் வந்து விழும். சோற்றில் தூள், தலைமயிரில் தூள், தூங்கும் குழந்தையின் இமையில் தூள். தட்டியால் கட்டிய வீடுகளில் எங்கே போய் மறைவது? இருமல் வராத ஆள் கிடையாது. அந்த ஊரில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் மில்லுத் தூள் என்றுதான் சொல்வோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் வேர்.

காம்பைப் பார்த்துக்கொண்டிருந்த துரைக்கு நல்ல எண்ணம் ஒன்று வந்தது. மேட்டுக்கும் லைனுக்கும் நடுவே மரங்களை வேலிபோல் வளர்த்துவிட்டால் தூள் நிற்கும் என்றார். தைல மரம் என்கிறோமே, அந்த நீலகிரி மரக் கன்றுகள் கூடை கூடையாக ரயிலில் வந்து இறங்கின. பெரிய மேஸ்திரிதான் அந்த வேலைக்குத் தலைவர். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர். மெட்ராஸில் பெரிய தோட்டமொன்றில் பழகிய கை. உரக்கப் பேசமாட்டார், எதையும் செய்து பார்க்காமல் நம்பமாட்டார். இன்றைக்கு நான் ஒரு செடியைப் பார்த்து நாலு வார்த்தை பேசுகிறேன் என்றால் அவர் போட்ட பிச்சை.

நட்ட கன்றுகளை ஆளுக்கு ஒரு வரிசையாகப் பிரித்துக் கொடுத்தோம். தண்ணீர் ஊற்றுவது, ஆடு மாடு வராமல் பார்ப்பது எல்லாம் அந்த ஆளின் பொறுப்பு. ஒரு வரிசை கன்னியம்மாவுக்கு. ஆற்காட்டுப் பக்கத்துப் பெண். புருஷன் சுரங்கத்துக்குள் பாறை சரிந்து செத்துப்போனான். கையில் ஒரு ஆண் குழந்தை, இன்னும் பால் குடிக்கிறது. தோட்ட வேலையில் இருக்கும்வரை லைன் வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று கம்பெனி விட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும், அதுதான் சட்டம். அடுத்த வரிசை முனுசாமி என்பவனுக்கு. மோசமானவன் என்று சொல்லமாட்டேன். மேஸ்திரி பார்க்கும் இடத்தில் மட்டும் வேலை செய்கிற ஆள். உங்களிலும் இரண்டொருவர் இருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

ஒருநாள் துரை குதிரையில் வந்து கன்றுகளைப் பார்த்தார். நீலகிரி மரக் கன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய மரத்தின் இலைபோல நீளமாகத் தொங்காது. அகலமாக, தண்டை ஒட்டிக்கொண்டு, நீலம் பாரித்து, மேலே வெள்ளைப் பொடி பூசினமாதிரி இருக்கும். துரை விரலால் ஒரு இலையைத் தேய்த்தார். பொடி விரலில் ஒட்டியது, அடியில் பச்சை தெரிந்தது. தூள் மூடிச் செடி மூச்சு முட்டுகிறது, எல்லா இலையையும் துடையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய மேஸ்திரியும் தலையாட்டினார். எங்களில் யாருக்கும் வேறு யோசனையே வரவில்லை. நீலகிரியில் போய்க் கேட்டிருந்தால் மாடு மேய்க்கிறவன்கூடச் சிரித்திருப்பான். மில்லுத் தூளிலேயே விழுந்து எழுந்த எங்களுக்கு அது தூளாகத்தான் தெரிந்தது.

உண்மையில் அது என்ன என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் மாட்டிக்கொண்டால் நாம் நிழலுக்கு ஓடுவோம். இலை எங்கே ஓடும்? நின்ற இடத்திலேயே தன் ஈரத்தைக் காப்பாற்றியாக வேண்டும். இலைத்தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய்கள் உண்டு. வெயில் ஏறினால் செடி அவற்றை மூடிக்கொள்ளும். மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி அடைத்து வைத்திருக்கும். கள்ளி இலையே வேண்டாம் என்று முள்ளோடு நிற்கிறது. சில புல் உச்சிவேளையில் இலையைச் சுருட்டிக்கொள்கிறது. எருக்கும், கற்றாழையும், இந்த நீலகிரிக் கன்றும் மெழுகையே பொடியாக மேலே கக்கி வைத்திருக்கின்றன. அந்த வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. அதைத் துடைத்துவிட்டால் வாயை மூடியும் பயனில்லை, தோல் முழுக்கக் கசிந்துவிடும்.

கன்னியம்மா துடைத்தாள். பூந்திக்கொட்டையை ஊறவைத்து, பழம்புடவைக் கிழிசலை அதில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு இலையையும் மேலும் கீழும் துடைத்தாள். இடுப்பில் குழந்தையை முடிந்துகொண்டு துடைத்தாள். துணியில் வெள்ளை ஒட்டிக்கொண்டு வரவர அவளுக்கு உற்சாகம். "பாருங்கண்ணா, எவ்ளோ அழுக்கு கீது. இப்போதான் மூச்சு வுடுது," என்றாள். அவள் வரிசை பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது. பெரிய மேஸ்திரி மற்ற ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டி, வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்.

சில நாளில் அந்த வரிசைதான் முதலில் தலை தொங்கியது. அவளே என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணா, எஞ்செடிங்க வாடிப்போவுது. இன்னும் ஒரு டப்பா தண்ணி சேத்துக் குடுக்கச் சொல்லுங்க."

கேட்டுப் பார்த்தேன். தண்ணீர் வண்டிக் கணக்கு கம்பெனிக் குமாஸ்தாவான ரைட்டர் கையில். குடிக்கவே இல்லாத ஊரில் செடிக்கு ஏற்றிக் கொடுப்பாரா? முடியாது என்றுவிட்டார். அவள் வரிசை இலை ஓரங்கள் கருகி, அப்புறம் தொட்டால் அப்பளம்போல நொறுங்கின. மற்ற வரிசைகள் அரைகுறையாக வாடின, பக்கத்தில் முனுசாமியின் கன்றுகள் ஏதோ உயிரோடு நின்றன.

துரை மறுபடி வந்தார். ஒரு வரிசை செத்திருக்கிறது, அடுத்தது பிழைத்திருக்கிறது. ஒரே மண், ஒரே வண்டித் தண்ணீர். ரைட்டர் உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டார். செடிக்குக் கொடுத்த தண்ணீரை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள் என்றார். ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். வீட்டில் ஒரு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது.

"அது எங்க பங்கு சாமி. பக்கத்து வூட்டக்கா எனக்கும் சேத்து லைன்ல நின்னு புட்ச்சிது. புள்ளைக்கி வயித்தால போவுது, அதுக்குத்தான் காச்சி வெக்க," என்று கன்னியம்மா அழுதாள்.

"பின்னே எதுக்குடி ஒரு டப்பா சேத்துக் கேட்டே? திருடினது பத்தலியா?" என்றார் ரைட்டர்.

செடியின்மேல் அக்கறைப்பட்டுக் கேட்டதே அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று உத்தரவு. தண்ணீர் திருடியவள் என்று பேர் விழுந்தால் பக்கத்துக் கோரமண்டல் சுரங்கக் காம்பிலும் சேர்க்கமாட்டார்கள், வேறெங்கும் சேர்க்கமாட்டார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாள் விடிந்ததும் இரண்டு வரிசைக்கும் நடுவே போய் நின்று கன்று கன்றாகப் பார்த்தேன். முனுசாமியின் கன்றுகளில் ஒரு வேடிக்கை தெரிந்தது. நாங்கள் நடந்துபோகிற பாதைப் பக்கம் இருந்த இலைகள் கருகியிருந்தன. பின்பக்கத்து இலைகள் வெள்ளைப் பொடியோடு கொழுகொழுவென்று இருந்தன. அவனைக் கூப்பிட்டேன்.

"முனுசாமி, பின்பக்கம் துடைக்கவே இல்லியா?"

அவன் நெளிந்தான். "பெரிய மேஸ்திரி இந்தப் பக்கமாத்தானே வராரு. அந்தப் பக்கம் யாரு பாக்கப்போறாங்கன்னு வுட்டுட்டேன். துரை கைல சொல்லிப்புடாதீங்க."

ஒரே கன்று, ஒரே வேர், அது குடித்தது ஒரே தண்ணீர். துடைத்த பக்கம் செத்திருக்கிறது, துடைக்காத பக்கம் பிழைத்திருக்கிறது. தண்ணீர் குறைந்திருந்தால் இரண்டு பக்கமும் அல்லவா வாடியிருக்க வேண்டும்? இரண்டு இலையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். பொடி இருந்த இலையில் அது முத்தாக உருண்டு கீழே விழுந்தது. துடைத்த இலையில் ஈரமாகப் பரவி ஒட்டிக்கொண்டது.

பெரிய மேஸ்திரியிடம் ஓடினேன். அவர் வந்து நிதானமாகப் பார்த்தார். பிறகு, "பாதை மேக்கால கீது. சாயங்கால வெயில் முழுக்க இந்தப் பக்கம்தான் அடிக்கிது. வெயில்ல கருகியிருக்கலாம் இல்லியா?" என்றார்.

நியாயமான கேள்விதான்.

"நடாத கன்னுங்க கூடையில கீது. அதுல கெழக்குப் பக்கத்து எலைய மட்டும் தொடச்சி வெச்சிப் பாக்கலாம். அதுவும் காஞ்சா நீ சொல்றது நிசம். நாலு நாள்ல தெரிஞ்சிடும்," என்றார்.

"நாலு நாளா? அவளுக்குச் சாயங்காலம்வரைக்கும்தானே டயம் குடுத்திருக்காங்க?"

"பாதி தெரிஞ்சத வெச்சிகினு துரைகிட்ட போயி நின்னா, நீங்க சொன்னதாலதான் செடி செத்துச்சின்னு அவர் மூஞ்சியில சொல்றாப்ல ஆவும். நாளைக்கி அது தப்புன்னு ஆச்சின்னா நம்ம பேச்சுக்கு மருவாதி இருக்காது. தெரிஞ்சிகினு பேசுவோம்."

அவர் பயந்து அப்படிச் சொல்லவில்லை. அவர் வாழ்ந்ததே அப்படித்தான். எனக்குப் பொறுக்கவில்லை, நானே ரைட்டரிடம் போனேன். விஷயத்தை விளக்கி, நாலு நாள் மட்டும் அவளை விட்டுவையுங்கள் என்று கெஞ்சினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "இத்த உங்க பெரிய மேஸ்திரி சொல்றாரா, நீ சொல்றியா?" நான்தான் சொல்கிறேன் என்றேன். "அப்போ அவரை வந்து சொல்லச் சொல்லு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பவும் பெரிய மேஸ்திரியிடம் ஓடினேன். அவர் கூடைக் கன்றுகளின் முன்னால் குந்தியபடி, கிழக்குப் பக்கத்து இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார், வரமாட்டேன் என்று.

பொழுது சாயும்போது வாட்ச்மேன்கள் கன்னியம்மா வீட்டுக் கூரைத் தட்டியைப் பிரித்தார்கள். அவள் பானையையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு தெருவில் நின்றாள். குடத்துத் தண்ணீரைச் சாட்சி என்று அவர்கள் ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தார்கள். பேத்தமங்களாவில் ஏரி இருக்கிறது, தண்ணீர் இருக்கிற ஊரில் பிழைத்துக்கொள்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு நடந்தாளாம்.

நாலு நாள்கூட ஆகவில்லை. கூடைக் கன்றுகளில் கிழக்குப் பக்கத்து இலைகள் கருகின, மற்றவை அப்படியே இருந்தன. பெரிய மேஸ்திரி அதில் ஒரு கன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகத் துரையிடம் போனார். என்ன பேசினாரோ, துரை ஒப்புக்கொண்டார். அவரைச் சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொள் என்றுவிட்டார். பெரிய மேஸ்திரி வெளியே வந்து என்னிடம், "நீ போயி இட்டுகினு வா. என்னால அவ மூஞ்சியப் பாக்க முடியாது," என்றார்.

மறுநாள் காலையில் பேத்தமங்களாவுக்கு நடந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். திருடி என்ற பேரை அழித்துவிட்டோம், வீடும் திரும்பக் கிடைத்துவிட்டது, இந்தச் சேதியைச் சொன்னதும் அவள் அழுவாளா சிரிப்பாளா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

ஏரிக்குக் கீழே ஒரு ரெட்டியாரின் கேழ்வரகுக் கொல்லையில் பெண்கள் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் அவளும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வரப்புக்கு வந்தாள்.

"வாங்கண்ணா. இன்னா இவ்ளோ தூரம்? செடிங்க எப்டி கீது?"

முதலில் செடியைப் பற்றித்தான் கேட்டாள். இடுப்பில் குழந்தை இல்லை. நான் அங்குமிங்கும் பார்த்ததைக் கவனித்துவிட்டாள்.

"புள்ளைக்கி வழியிலயே ரொம்ப முடியாமப் போச்சி. வாய் நனைக்கத் தண்ணி கேட்டா எந்த வூட்லயும் குடுக்கல. இங்க வந்து ஏரியப் பாத்தப்புறம்தான் உசுரு போச்சி. கரைமேலயே பொதைச்சிட்டேன்," என்றாள்.

அந்த நேரத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கொண்டுவந்த சேதி ஒன்றுதான் அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது. உன்மேல் தப்பே இல்லை, நீ தண்ணீர் எடுக்கவில்லை என்று துரையே ஒப்புக்கொண்டார் என்றேன். அந்த வெள்ளை, தூளே இல்லை, இலை தன் ஈரம் போகாமல் பூசிக்கொண்டது, அதைத் துடைத்ததால்தான் செடி காய்ந்தது என்று சொன்னேன். முனுசாமி ஒரு பக்கம் துடைக்காமல் விட்டதால் அவன் வரிசை பிழைத்தது, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம் என்றும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கையில் மண் அப்பியிருந்தது, அதைப் புடவையில் துடைக்கப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அப்போ நா தொடச்சதுதான் கொன்னுச்சா அண்ணா?"



"முனுசாமி மாதிரி நானும் பாதி வேலை செஞ்சிருந்தா வூடு இருந்திருக்கும். புள்ளயும் இருந்திருப்பான்," என்றாள்.

அழவில்லை, என்மேல் கோபப்படவும் இல்லை. வேலைக்காரி நேரம் கடத்துகிறாள் என்று ரெட்டியார் தெலுங்கில் சத்தம் போட்டார். அவள் போய்க் குனிந்து களையைப் பிடுங்கத் தொடங்கினாள். காம்புக்குத் திரும்பி வருகிறாயா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் வரப்பில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பெரிய மேஸ்திரியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அதற்குப் பிறகும் அவர் வேலை பார்த்தார், எனக்குத் தொழிலும் சொல்லிக் கொடுத்தார். ஆனால் கன்று நடும் இடத்தில் அந்த வரிசைப் பக்கம் மட்டும் போகமாட்டார். அவரை நான் இன்றுவரை மதிக்கிறேன். அந்த ஒரு நாளுக்காக அவர்மேல் இருக்கும் கோபமும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நீங்கள் என்னிடம் தொழில் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். ஒரு செடி செத்தால் யார் அதைக் கவனிக்காமல் விட்டது என்று மட்டும் தேடாதீர்கள். யார் ரொம்பக் கவனித்தது, என்ன செய்தார்கள் என்றும் கேளுங்கள். செடி விஷயத்தில் முழுக்கத் தெரியும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது நல்ல பழக்கம். அதில் ஒரு ஆளின் வீடும் சோறும் மாட்டிக்கொண்டிருந்தால் பாதி தெரிந்ததோடு போய்க் கத்துங்கள். நாளைக்கு அது தப்பென்று ஆனால் அவமானம் நமக்குத்தானே, பட்டுக்கொள்வோம். அப்புறம், இலைமேல் வெள்ளையாகப் பொடி இருந்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள். பார்வையிட வருகிற பெரிய மனிதர் அழுக்கு என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

நேற்றுக் கையைத் தூக்கிய பெண்ணுக்கு ஒரு வார்த்தை. அம்மா, உன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அந்தத் தொட்டியை நிழலில் வை, பிழைத்தாலும் பிழைக்கும். நீ ரொம்ப நன்றாகத் துடைத்திருந்தாய். அதனால்தான் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.